ஏழாம் மாதமும் பதினாறாம் நூற்றாண்டும்

செங்கமலத்துக்கு உட்காரத் தெரியாது என்று வல்லத்திராக்கோட்டையில் சொல்வார்கள். சாப்பிடும்போதுகூட ஒரு முழங்காலை உயர்த்தி, அடுத்த நொடியே எழுந்துவிடப் போகிறவள் மாதிரிதான் இருப்பாள். களை எடுக்கப் போனால் மற்றவர்கள் பாதி வயலில் நிற்கும்போது அவள் வரப்பு தாண்டியிருப்பாள். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948-ஆம் வருஷம், டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி எட்டாம் வகுப்பு முடித்தாள். மேலே படிக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். இதுவே அதிகம் என்று சொன்ன அப்பா ஆண்டியப்பன், மூன்று வருஷம் கழித்து உள்ளூரிலேயே மலையாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்.

மலையாண்டி நிதானமான ஆள். அவனிடம் ஒன்று கேட்டால் ஏரை ஒரு சால் ஓட்டித் திரும்பிய பிறகுதான் பதில் வரும். இந்த நிதானம் செங்கமலத்தைச் சில நாள் ஆற்றும், பல நாள் அரிக்கும். கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் குழந்தை இல்லை. மாமியார் மருதாயி அவளைக் கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். அந்த அலைச்சலில் ஒருமுறை டவுன் பஸ் ஸ்டாண்டில்தான் கூடப் படித்த ராசாத்தியைப் பார்த்தாள். எட்டாவது முடித்த பெண்களை ஆசிரியப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள், நானும் மனுப் போட்டிருக்கிறேன் என்று ராசாத்தி சொன்னாள். அன்றைக்குச் சாமி கும்பிட்டபோது செங்கமலம் என்ன வேண்டிக்கொண்டாள் என்று மருதாயிக்குத் தெரியாது.

மலையாண்டியிடம் சொன்னபோது அவன் வழக்கம்போலப் பேசாமல் இருந்தான். இரண்டு நாள் கழித்து, வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டே, போய்ப் படித்துவிட்டு வா என்றான். வீட்டில் இருந்தால் நீ சுவரைப் பிராண்டிக்கொண்டு இருப்பாய் என்றும் சொன்னான். 1955-இல் அவள் டவுனில் இருந்த பெண்கள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள், விடுதியில் தங்கினாள். படிப்பு இரண்டு வருஷம்.

முதல் வருஷம் முடிந்து கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தவள், இரண்டாம் வருஷம் தொடங்கிய சில வாரங்களில் தலைசுற்றி விழுந்தாள். ஐந்து வருஷமாக வராத குழந்தை இப்போது வந்திருந்தது. மருதாயி ஆள்விட்டு அழைத்தாள். செங்கமலம் போகவில்லை. மசக்கையோடு வகுப்பில் உட்கார்ந்து, வாந்தி வரும்போது வெளியே ஓடி, முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

விடுதியைப் பார்த்துக்கொண்டவர் மீனம்மாள் டீச்சர். சரித்திரம் கற்பிக்கும் முறையைச் சொல்லித் தருபவரும் அவர்தான். உயரமானவர், அதிகம் பேசாதவர். பிள்ளையுண்டான பெண்களுக்கென்று அவர் ஒரு விதி வைத்திருந்தார். ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் விடுதியில் இருக்கக் கூடாது, வீட்டுக்குப் போய்விட வேண்டும். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்து படிப்பை முடித்தவர்கள் யாரும் செங்கமலத்துக்குத் தெரிந்து இல்லை.

பொங்கல் லீவு முடிந்து திரும்பியபோது மீனம்மாள் அவளை வாசலிலேயே நிறுத்தி, எத்தனை மாதமாச்சு என்று கேட்டார்.

“ஆறு மாசம் ஆச்சுங்க டீச்சர்,” என்றாள் செங்கமலம்.

மீனம்மாள் தலையசைத்து உள்ளே விட்டுவிட்டார். செங்கமலம் பெட்டியை வைத்துவிட்டு ராசாத்தியிடம், நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே என்று கேட்டாள். ராசாத்தி அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பாயை உதறினாள்.

அந்த வாரம் செங்கமலத்துக்கு மாதிரிப் பாடம் இருந்தது. பயிற்சிப் பள்ளியை ஒட்டிய சின்னப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு அவள் பாடம் நடத்த வேண்டும். மீனம்மாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். பாடம், ஐரோப்பியர் வருகை. ‘1498’ என்று பலகையில் எழுதினாள். வாஸ்கோ ட காமா கப்பலில் வந்து இறங்கியதை நன்றாகவே சொன்னாள். அதுவரை தடங்கலில்லை. பிறகு, இது பதினைந்தாம் நூற்றாண்டு என்றாள்.

முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் அழகி, எண்ணெய் வழிய வாரிய இரட்டைப் பின்னல். பலகையில் பதினாலு என்றுதானே இருக்கிறது, பதினைந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

“முன்னாடி இருக்கிற ரெண்டு எண்ணோட ஒண்ணு கூட்டிக்கணும்,” என்றாள் செங்கமலம்.

ஏன் கூட்ட வேண்டும் என்று அழகி கேட்டாள். கணக்கு அப்படித்தான் என்று செங்கமலம் சொன்னாள். சமாளித்துக்கொண்டு அடுத்த வருஷத்தை எழுதினாள்: 1600, ஆங்கிலேயர் வியாபாரக் கம்பெனி தொடங்கிய வருஷம். வகுப்பு முழுவதும் ஒரே குரலில், ஒன்று கூட்டி, பதினேழாம் நூற்றாண்டு என்றது. செங்கமலமும் ஆமாம் என்று பலகையில் எழுதினாள்.

மணி அடித்து, பிள்ளைகள் போன பிறகு மீனம்மாள் பலகைக்கு வந்தார். பதினேழு என்பதை விரலால் அழித்து, பதினாறு என்று எழுதினார். ஏன் என்று தெரியுமா என்று கேட்டார். செங்கமலத்துக்குத் தெரியவில்லை. நீயே குழம்பி நின்றால் பிள்ளைகள் எங்கே போய்த் தெளியும் என்று சொன்னவர், அடுத்த வாரம் இதே வகுப்பில் இதே பாடத்தை மறுபடி நடத்த வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு செங்கமலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடுதி முற்றத்தில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தாள். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தவள் துவைக்காமலே எழுந்து வந்தாள். ராசாத்தி மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தாள்: ஒன்று கூட்டு, கடைசியில் இரண்டு சைபர் இருந்தால் மட்டும் கூட்டாதே. விதி செங்கமலத்துக்கு வாயில் நின்றது, வயிற்றுக்குள் இறங்கவில்லை. அந்தப் பெண் மறுபடி எழுந்து ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? ‘அப்படித்தான்’ என்கிற பதிலைத் தானே எத்தனையோ இடத்தில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம், அதையே இந்தப் பிள்ளைக்கும் கொடுத்தோமே என்பது அவளை இன்னும் குடைந்தது. இதற்கு நடுவே குழந்தை வேறு புரள ஆரம்பித்திருந்தது. அது புரளும்போதெல்லாம் மீனம்மாள் டீச்சரின் முகம் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை ராசாத்தியோடு கடைத்தெருவுக்குப் போனாள். சோப்பு வாங்க ராசாத்தி ஒரு கடைக்குள் நுழைந்தாள். செங்கமலம் வெளியே வெற்றிலைக் கடை ஓரமாக நின்றாள். கடைக்காரர் மடியில் வெற்றிலையைப் போட்டு எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். நூறு சேர்ந்ததும் வாழை நாரால் கட்டி, கவுளி என்று சொல்லிப் பக்கத்தில் வைப்பார். பிறகு அடுத்த கவுளிக்கு முதல் இலையை எடுப்பார். கல்யாண வீட்டுக்கு வாங்க வந்த ஒருவர், எவ்வளவு ஆயிற்று என்று அவசரப்படுத்தினார்.

“ஆறு கட்டியாச்சுங்க. ஏழாவது ஓடிக்கிட்டிருக்கு,” என்றார் கடைக்காரர்.

செங்கமலம் அவர் மடியைப் பார்த்தாள். கட்டி முடித்தவை ஆறு. ஆனால் அவர் கையில் இருக்கிற இலை ஏழாவது கவுளியின் இலை. அதில் முதல் இலையை வைத்தபோதே அது ஏழாவதாகிவிட்டது. பதினாலு நூறு கட்டி முடித்து, தொண்ணூற்றெட்டு இலை வைத்திருந்தால் அது பதினைந்தாவது கவுளி. சரி, ஆயிரத்து அறுநூறாவது இலை? அது பதினாறாவது கவுளியைக் கட்டுகிற கடைசி இலை. பதினேழாவது இன்னும் தொடங்கவே இல்லை. ஆயிரத்து அறுநூற்று ஒன்றாவது இலையை எடுத்தால்தான் தொடங்கும்.

அந்த நிமிஷம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறு நிமிஷமே சிரிப்பு போய்விட்டது. ஆறு கட்டியாச்சு, ஏழாவது ஓடிக்கிட்டிருக்கு. தன் வயிற்றின் கணக்கும் இதுதான். எத்தனை மாதமாச்சு என்று டீச்சர் கேட்டது ஏழாம் மாதம் பிறந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான். ஆறு என்று சொன்னது கணக்குப்படி பொய்யில்லை. அந்தப் பதிலை டீச்சர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தே சொன்னோம் என்பது மட்டும் இப்போது பிடிபட்டது. ராசாத்தி சோப்போடு வெளியே வந்து, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். நூற்றாண்டு புரிந்துவிட்டது என்றாள் செங்கமலம். வழியெல்லாம் வேகமாக நடந்தாள். ராசாத்தி இரண்டு தடவை, மெதுவாப் போ என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நினைத்தாள். அறை வாசல் வரை போனாள். சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டும், மறுபாடம் போய்விடும். பாடத்தை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று தனக்குத் தானே தவணை கொடுத்துக்கொண்டு திரும்பினாள்.

மறுபாடத்தன்று மீனம்மாள் அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். செங்கமலம் இந்தத் தடவை வருஷத்தை முதலில் எழுதவில்லை. வெற்றிலைக் கடைக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டாள். எல்லாரும் போயிருந்தார்கள். கவுளிக்கு எத்தனை வெற்றிலை, நூறாவது வெற்றிலை எந்தக் கவுளியில் இருக்கும், நூற்றொன்றாவது எதில் இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பதில் சொன்னார்கள். பிறகு 1498 என்று எழுதினாள். பதினாலு கவுளி கட்டியாச்சு, கையில் இருப்பது பதினைந்தாவது என்று அவர்களே சொன்னார்கள். 1600 என்று எழுதியபோது வகுப்பு ஒரு கணம் தயங்கியது. முதலில் எழுந்தவள் அழகிதான். அது பதினாறாவது கவுளியின் கடைசி வெற்றிலை டீச்சர், பதினாறாம் நூற்றாண்டு என்றாள்.

செங்கமலத்துக்கு உடம்பெல்லாம் லேசானது. அந்தச் சந்தோஷத்தில் பாடத்தை அங்கேயே நிறுத்தாமல் இன்னொரு படி போனாள். நாம் தினமும் இப்படித்தான் கணக்குச் சொல்கிறோம், ஒன்பது முடிந்து பத்து நடக்கிறது என்று வயதுக்குச் சொல்வதில்லையா என்று கேட்டாள். யாராவது இது மாதிரி வேறு ஒன்று சொல்லுங்கள் என்றாள்.

அழகி மறுபடி எழுந்தாள். “எங்கம்மாவுக்கு ஆறு மாசம் முடிஞ்சு ஏழாம் மாசம் நடக்குது டீச்சர். வெள்ளிக்கெழம வளையல் போடுறாங்க. ஒங்களுக்கும் அம்புட்டுத்தான் இருக்கும், எங்கம்மா வயிறு மாதிரியேதான் இருக்கு.”

பிள்ளைகள் சிரித்தார்கள். செங்கமலம் கடைசி பெஞ்சைப் பார்க்காமல் பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க வேண்டியதில்லாத இடத்தை அழித்தாள். மிச்சப் பாடத்தை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வகுப்பு காலியானதும் மீனம்மாள் எழுந்து வந்தார்.

“எத்தனாவது மாசம் நடக்குது செங்கமலம்?”

“ஏழாவதுங்க டீச்சர்.”

“அன்னைக்கு ஆறுன்னு சொன்னே.”

“ஆறு முடிஞ்சிருந்துச்சுங்க. முடிஞ்சதச் சொன்னேன். நடக்குறதச் சொல்லல.”

மீனம்மாள் மார்க் நோட்டை மூடினார். பாடம் நன்றாக இருந்தது, அதற்குரிய மார்க்கைப் போட்டுவிட்டேன் என்று முதலில் சொன்னார். பிறகு, சாயங்காலத்துக்குள் விடுதியைக் காலி செய்துவிடு, வீட்டுக்குத் தகவல் அனுப்புகிறேன் என்றார். செங்கமலம் அழவில்லை. ஏன் இப்படி ஒரு விதி என்று மட்டும் கேட்டாள். அப்படித்தான் என்று அவர் சொல்லியிருந்தால் சண்டையே போட்டிருப்பாள். மீனம்மாள் அப்படிச் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் விடுதியில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதமே வலி கண்டதையும், வண்டி கிடைக்காமல் போனதையும், தாயும் பிள்ளையும் தன் மடியிலேயே போனதையும் சொன்னார். அவள் புருஷனுக்கு நான்தான் போய்ச் சொன்னேன் என்றார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

செங்கமலம் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெதுவாக, விதி விடுதிக்கா, வகுப்புக்கா என்று கேட்டாள்.

மீனம்மாள் அவளை உற்றுப் பார்த்தார். விடுதிக்குத்தான் என்று ஒப்புக்கொண்டார்.

பள்ளிக்குப் பின் தெருவில் முத்துமாரியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை, இரண்டு பசு வைத்து விடுதிக்குப் பால் ஊற்றுகிறவள். அவள் வீட்டில் மாட்டுக்கொட்டகையை அடுத்து ஒரு சாய்ப்பு அறை சும்மா கிடந்தது. அன்று சாயங்காலமே ராசாத்தி பெட்டியைத் தூக்கிக்கொள்ள, செங்கமலம் அங்கே போய்ச் சேர்ந்தாள்.

மூன்றாம் நாள் மலையாண்டி வண்டி பூட்டிக்கொண்டு வந்தான். வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தான். அவளைப் பார்த்ததும், ஏறு என்றான்.

“நான் வரலைங்க. பரீட்சைக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு.”

“ஆத்தா வளையல் வாங்கி வச்சிட்டு வாசலயே பாத்துக்கிட்டு நிக்கிது. அஞ்சாறு வருசம் கழிச்சுப் பொறக்குற புள்ள. மாட்டுக்கொட்டாயிலயா வச்சிருப்பே?”

“புள்ளைக்கு நான் இருக்கேன். இப்ப எந்திரிச்சுப் போனா நான் திரும்பி வர மாட்டேன், அது ஒங்களுக்கும் தெரியும்.”

அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். அவள் காத்திருந்தாள். எப்போதும் போல ஏதாவது பதில் வரும் என்று நினைத்தாள். பதில் வரவில்லை. வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வெறும் ஜமுக்காளம் ஆடி ஆடிப் போவதை முக்குத் திரும்பும் வரை பார்த்தாள். பின்னாலேயே ஓடலாமா என்று கால் துடித்தது. ஓடவில்லை. அன்று முழுவதும் முத்துமாரியம்மாளின் கொட்டகையைக் கூட்டினாள். கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினாள்.

மறுவாரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் மருதாயி. தலையில் அரிசி மூட்டை, கையில் வளையல் பெட்டி. ஒரு பாட்டம் திட்டி முடித்தாள். மகன் வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்றாள். அவன்தான் அனுப்பினான் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை; மூட்டையைப் பிரிக்கும்போது நெய் பாட்டிலை எடுத்து வெளியே வைத்து, இதை அவன் கொடுத்துவிட்டான் என்று மட்டும் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் கோலம் போட்டு மருமகளுக்கு வளையல் அடுக்கினார்கள். பயிற்சிப் பள்ளிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கடைசியாக மீனம்மாள் டீச்சர் குனிந்து உள்ளே வந்து, ஒரு ஜோடி பச்சை வளையலைப் போட்டுவிட்டுப் போனார்.

பரீட்சை பங்குனியில் வந்தது. செங்கமலம் பெஞ்சு கொள்ளாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து எழுதினாள். தமிழ், சரித்திரம், கணக்கு எல்லாம் முடிந்து, சுகாதாரம் ஒன்றுதான் மிச்சம். அந்தப் பரீட்சையில் மூன்றாவது கேள்விக்கு எழுதிக்கொண்டிருந்தபோது வலி எடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு பக்கம் எழுதினாள். மேற்பார்வைக்கு நின்ற மீனம்மாள் வந்து பேனாவைக் கையிலிருந்து வாங்கினார். குதிரை வண்டி வாசலில் நின்றது. பரீட்சை தொடங்கிய நாளிலிருந்து தினமும் அதை நிறுத்தி வைத்திருந்தார் என்று ராசாத்தி பிற்பாடுதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அன்று பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. செவந்தி என்று பெயர் வைத்தார்கள்.

சுகாதாரத்தில் தேறவில்லை. ராசாத்திக்கு அந்த ஜூன் மாதமே வேலை கிடைத்தது. செங்கமலம் ஒரு வருஷம் ஊரில் இருந்தாள். அந்த வருஷம்தான் அவளுக்கு எல்லாவற்றிலும் கடினம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குளத்துக்கரை வரை போவாள், திரும்புவாள். பரீட்சையை விட்டுவிடலாமே என்று அப்பா ஆண்டியப்பன் சொல்லிப் பார்த்தார். மறு பங்குனியில் மலையாண்டி வண்டி பூட்டி, வைக்கோல் பரப்பி, ஜமுக்காளத்தை விரித்து, பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் நின்றான். அவள் உள்ளே எழுதி முடிக்கும்வரை பள்ளி மரத்தடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்தான். பசியில் அது அழுத அழுகை ஹாலுக்குள் கேட்டது. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

1958-இல் கட்டுமாவடியில் வேலை கிடைத்தது. கடலை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. தன்னைப் போலவே நிற்கத் தெரியாத ஒன்று என்று மருதாயியிடம் சொன்னாள். மருதாயி கூடவே வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். மலையாண்டி வயலை விட்டு வர முடியாது, அறுப்பு முடிந்தால் வருவான். மீன் வந்து இறங்கும் காலத்தில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வர மாட்டார்கள். செங்கமலம் பகல் மணி அடித்ததும் கரைக்குப் போய்விடுவாள். கருவாடு காயப்போடும் தாய்களோடு நின்று வாதாடி, இரண்டு பேரையாவது கையோடு கூட்டி வருவாள். சில தாய்கள் அவளைக் கண்டதும் பிள்ளையை ஒளித்து வைத்தார்கள். ஜெகதாப்பட்டினத்துக்கு மாற்றியபோது அங்கேயும் இதேதான்.

அறுபத்து மூன்றாம் வருஷம் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே மாற்றல் வந்தது. மலையாண்டிக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். இனிமேலாவது வீட்டில் இரு என்றான். அவளுக்கும் ஆசைதான். இரண்டு வாரம் பள்ளிவிட்டு நேரே வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினாள். மூன்றாவது வாரம், கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பில் பள்ளிக்கு வராத பெண்பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள், டீச்சர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் வேகமாகப் போவதைப் பார்த்தார்கள். எங்கே போகிறாள் என்று ஒருவர் மலையாண்டியைக் கேட்டார். அவன் நாற்று முடியைக் கட்டி வயலில் விசிறிவிட்டு, நிமிர்ந்து அவள் போகிற திசையைப் பார்த்தான்.

“அங்கிட்டுத்தான் எங்கிட்டோ போறா,” என்றான். “வெயில் தாழ வருவா. இல்லாட்டி நான் போய்க் கூட்டியாந்துக்கிறேன்.”